கயிற்றுக்காரியின் ஜெர்சி

நான் பிளவுஸ் தைப்பவள். செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், ஆளுயரக் கண்ணாடி, திரை போட்ட ஒரு மூலை, அவ்வளவுதான். தைக்கும்போது காதுக்கு ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் எனக்கு. சீரியல்களில் மாமியார் எந்தக் கிழமை விஷம் கலப்பாள் என்பது வரை எனக்கே தெரிந்துபோன நிலையில், ஒருநாள் மகள் தன் பழைய போனை மிஷின் ஓரத்தில் சாய்த்து வைத்து, ஒரு ஜப்பான் கார்ட்டூனைத் தமிழ் டப்பிங்கில் போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போனாள். கார்ட்டூன் என்று சொல்லக்கூடாதாம். அனிமே என்று சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன், எனக்கென்ன.

பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு பெண்கள் பள்ளி. அந்தப் பள்ளியில் கயிறு இழுக்கும் போட்டிக்கு எட்டுப் பேர் கொண்ட அணி. வரிசையில் கடைசியாக நின்று, கயிற்றை அக்குளுக்குள் கொடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டு மொத்த அணியையும் தாங்குகிறவள்தான் கதாநாயகி. நல்ல பருமன். என் கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் டேப்பைக் கண்டதும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொள்வார்கள். இவளோ எடை மெஷினில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினாள். அங்கேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவளுடைய ஜப்பான் பெயர் என் வாயில் நுழையவில்லை, கயிற்றுக்காரி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

பன்னிரண்டு பகுதிகள். முதல் இரண்டைக் கேட்டுக்கொண்டே ஹெம்மிங் செய்தேன். மூன்றாவதில் ஹெம்மிங் நின்றுவிட்டது. கடைசிப் பகுதியில் மாவட்ட அரையிறுதி. இரண்டு அணியும் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து கிடக்கிறார்கள். கயிற்றுக்காரியின் ஷூ தரையில் வழுக்குகிறது. விசில் ஊதுகிறது. திரை இருண்டுவிடுகிறது. முடிந்தது! யாருக்காக விசில் ஊதினார்கள் என்று கூடச் சொல்லவில்லை. போனை எடுத்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தேன். அடுத்த பாகம் வருமா, வராதா என்று யாருக்குமே தெரியாதாம். இப்படி ஒரு அநியாயத்தை நம் ஊர் சீரியல்காரர்கள்கூடச் செய்ததில்லை.

அந்த மாதம் முழுக்க மகளை நச்சரித்தேன். அவள்தான் சொன்னாள், இது முதலில் மாங்காவாக, அதாவது ஜப்பான் படக்கதையாக வந்த கதை, பன்னிரண்டு புத்தகம், அனிமே ஆறோடு நின்றுவிட்டது, மீதி ஆறு புத்தகத்தில் கதை இருக்கிறது என்று. மாங்கா என்ற பெயரை வைத்து என் கணவர் மூன்று நாள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இங்கே திரும்பச் சிரிக்கப் போவதில்லை.

"அப்ப புக் வாங்கிக் குடு."

"அது இங்கிலீஷ்ல இருக்கும்மா. நக்கோ, வேணாம். உனக்குப் புரியாது."

அவள் வெடுக்கென்று சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். பள்ளியில் தெலுங்கு மீடியம். தமிழ் வீட்டில் வாங்கிய வாரப் பத்திரிகைகளைப் பார்த்துக் கற்றது. இந்தியும் உருதும் தெருவில் தானாக வந்தவை. இங்கிலீஷும் எனக்குத் தெரியாமல் இல்லை. போர்டு படிப்பேன், பில் படிப்பேன், மெஸேஜ் படிப்பேன். ஆனால் பத்து வரி சேர்ந்து நின்றால் போதும், இது எனக்குப் புரியாது என்று நானே முடிவு கட்டிவிட்டுத் தலையாட்டத் தொடங்கிவிடுவேன். மகள் ஏழாவது படிக்கும்போது பள்ளியில் பெற்றோர் கூட்டம். டீச்சர் இங்கிலீஷில் ஐந்து நிமிடம் பேசினார். நான் ஐந்து நிமிடமும் சிரித்தபடி தலையாட்டினேன். வெளியே வந்ததும் மகள் மெதுவாகச் சொன்னாள், "அம்மா, அவங்க உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க."

அன்றிலிருந்து எனக்கு ஒன்று சந்தேகமில்லாமல் தெரியும்: இங்கிலீஷில் ஏதாவது புரியவில்லை என்றால் தப்பு என்மேல்தான். இத்தனை வருஷமும் அப்படித்தான் வாழ்ந்தேன். இந்த ஒரு கதையையாவது தலையாட்டாமல், முழுசாக, என் கண்ணால் படித்துவிட வேண்டும் என்று வீம்பு வந்தது.

அபிட்ஸில் ஞாயிற்றுக்கிழமை நடைபாதையில் பழைய புத்தகம் விற்பார்கள். நான்காவது ஞாயிறு போனபோது ஒரு மூட்டையில் ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஆறும் கிடைத்தன. என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆனால் கோலத்தைப் பார்க்க வேண்டுமே! அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன, பசை விட்டுப்போய்த் தாள்கள் கழன்றிருந்தன, முதல் ஒன்றிரண்டு தாள்கள் பலதில் இல்லவே இல்லை. எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அப்பா தொடர்கதைகளைப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணித்தான் வைப்பார். மூன்று மூன்றாக இரண்டு தடிப் புத்தகம் போட்டால் போதும் என்று முடிவு செய்தேன். தொங்கிய அட்டைகளைப் பிய்த்தெறிந்து, ஒவ்வொன்றின் மேலும் தையல் சாக்பீஸால் எண்ணைப் போட்டு, நூலால் கட்டி, செகந்திராபாத்தில் ஒரு பைண்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன புக்கு மேடம்? இங்கிலீஷா, உருதுவா?" என்று உருதுவில் கேட்டார் அவர்.

"இங்கிலீஷ்," என்றேன் பெருமையாக.

ஒரு வாரத்தில் தயார். மெரூன் காலிகோ அட்டை, மூலைகளில் துணி, கெட்டியான முதுகு. ஏழு எட்டு ஒன்பது என்று எழுதிய வெள்ளைச் சீட்டை இடதுபக்க அட்டையில் ஒட்டியிருந்தார். மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் அது ஒரு அதிசயமே இல்லை, உருதுப் புத்தகம் புரட்டுகிறவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆகவே, பாவம், சீட்டைப் பின் அட்டையில் ஒட்டிவிட்டார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, வலதுபக்கம் திறந்து படிக்கத் தொடங்கினேன்.

ஒன்றும் புரியவில்லை.

கயிற்றுக்காரி வேறு ஏதோ ஊரில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தாள். அரையிறுதி என்ன ஆயிற்று? பேச்சே இல்லை. அவள் இடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி கயிற்றைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். பயிற்சியாளர் அம்மாள் ஊன்றுகோலோடு நடக்கிறாள். எப்போது விழுந்தாள்? எல்லாரும் எதற்கோ மன்னிப்புக் கேட்கிறார்கள். வார்த்தைகள் தனித்தனியாகப் புரிந்தன. தெரியாத வார்த்தைக்குப் போனில் அர்த்தம் பார்த்து, அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தெலுங்கு எழுத்தில் குறித்துவைத்தேன். வாக்கியமும் புரிந்தது. கதை மட்டும் புரியவில்லை. மத்தியானம் வாடிக்கையாளர் வராத நேரமெல்லாம் படித்தேன். படித்ததையே திரும்பப் படித்தேன். ஒரு வாரத்தில் எழுபது பக்கம். எழுபது பக்கமும் அதே இருட்டு.

மகளிடம் கேட்டேன். அவள் போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"மாங்கால வேற மாதிரிதாம்மா இருக்கும். அனிமேல சிம்பிள் பண்ணிருப்பாங்க. நெட்ல கதைச் சுருக்கம் இருக்கு, நான் படிச்சி சொல்றேன். எதுக்கு இவ்வளவு கஷ்டப்படற?"

"வேணாம். நானே படிக்கிறேன்."

"புரியலன்னா பரவால்லம்மா. தப்பில்ல."

அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. வயசான காலத்தில் பொம்மைப் புத்தகத்துக்கு அழுகிறேன் என்று வெட்கமாகவும் இருந்தது. மறுபடி தலையாட்ட வேண்டியதுதானா என்று புத்தகத்தைத் துணி மூட்டைமேல் விட்டெறிந்தேன். இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் வீம்பு திரும்பி வந்தது. எழுத்து புரியாவிட்டால் போகிறது, படத்தையாவது பார்ப்போம் என்று வெறுமனே புரட்டிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் ஜெர்சி கண்ணில் பட்டது.

அணிக்கு வெள்ளை ஜெர்சி. முழுக்கை. கயிற்றுக்காரியுடையதில் வலது அக்குளுக்குக் கீழே ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருக்கும். மீன் கடையில்கூட அதைத்தான் போட்டிருந்தாள். படம் வரைந்த மகராசன் கைத்தையலை ஒவ்வொரு புள்ளியாக வரைந்திருந்தான், அதுவும் சரியான இடத்தில். அக்குள்தான் பிளவுஸில் முதலில் கிழியும் இடம். என் பிழைப்பில் பாதி அந்த இடத்தில்தான் ஓடுகிறது. முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, நல்ல தையல் என்று நினைத்துக்கொண்டு தாண்டியிருந்தேன். இப்போது புத்தகத்தின் நடுப்பகுதியில் பார்க்கிறேன், அதே ஜெர்சி, அதே அக்குள், துண்டைக் காணோம். கிழிசல் திறந்திருக்கிறது, சேஃப்டி பின் குத்தியிருக்கிறாள்.

துண்டு பிரிந்துவிட்டதோ என்று முதலில் தோன்றியது. துண்டு வைத்த தையல் பிரிந்தால் ஓரத்தில் ஊசித் துளைகள் தெரியும், நூல் மிச்சம் தொங்கும், கிழிசல் பழையதாக நைந்திருக்கும். இது நேற்றுக் கிழிந்த மாதிரி இருந்தது. சரி, வேறு ஜெர்சியோ என்று கீழ் விளிம்பைப் பார்த்தேன். இரண்டிலும் இடது பக்கம் ஒரே இடத்தில் ஹெம்மிங் விட்டுப் போயிருந்தது. ஆக, ஒரே ஜெர்சி. முதலில் துண்டு வைத்தது. அப்புறம் பின் குத்தியது. உலகத்தில் எந்தத் துணியும் அந்த வரிசையில் கிழியாது.

அப்படியானால் இன்னும் உள்ளே போனால் கிழியாத ஜெர்சி இருக்க வேண்டும். அது கிழிகிற பக்கமும் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால், நான் சொல்வது சரியென்றால், அந்த விசில் இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சரம்மா பட்டுப் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வந்தார். டேப்பை அவர் மார்பைச் சுற்றிப் போட்டேன். எண்ணைப் பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. "ஒக்க நிமிஷம் மேடம்," என்று டேப்பை அவர் கையிலேயே பிடிக்கக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தேன். மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, தாளின் நிறம் மாறுகிற இடத்தில் திறந்தேன்.

பக்கம் முழுக்க ஒரு ஷூ. வழுக்குகிற ஷூ. அடுத்த கட்டத்தில் விசில். அடுத்ததில் என் கயிற்றுக்காரி, கயிற்றோடு பின்னால் விழுகிறாள். வலது அக்குளில் ஜெர்சி டர்ரென்று கிழிகிறது. அவர்கள் அணிதான் ஜெயித்திருக்கிறது!

வீடே அதிரக் கத்தினேன். டீச்சரம்மா டேப்பைப் போட்டுவிட்டார். ஏமயிந்தி, ஏமயிந்தி என்று பதறினார். புத்தகம்தான் தப்பு மேடம், நான் தப்பில்லை என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே சிரித்தேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் சிரித்து வைத்தார். அவர் பிளவுஸுக்கு அன்று இரண்டு முறை அளவெடுத்தேன்.

நடந்தது இதுதான். இங்கிலீஷ் என்று நான் சொன்னதை நம்பி, பைண்டர் இடதுபக்கம் முதுகு வைத்து, ஏழு, எட்டு, ஒன்பது என்று இடமிருந்து வலமாக அடுக்கித் தைத்துவிட்டார். வலதுபக்கம் திறந்த எனக்கு ஒன்பது முதலில் வந்தது, அப்புறம் எட்டு, கடைசியில் ஏழு. ஒவ்வொன்றும் உள்ளுக்குள் சரியாகத்தான் ஓடியது. முதல் தாள்களும் அட்டைகளும் போய்விட்டன, நான் போட்ட சாக்பீஸ் எண்ணும் அழிந்துவிட்டது, அத்தியாயங்களுக்குப் பெயர்தான், எண் கிடையாது. யார் கண்டுபிடிப்பது? அவர் ஒட்டிய சீட்டைப் பார்த்துச் சிரித்த அன்றே எனக்கு உறைத்திருக்கலாம்தான். அந்தத் தப்பில் பாதி என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புரியாத தப்பு என்னுடையது இல்லை.

சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் புத்தகத்தை அவள் மடியில் வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். துண்டு, பின், கிழிசல், ஷூ. அவள் முதலில் நம்பவில்லை. போனில் எதையோ தேடினாள், புத்தகத்தைப் பார்த்தாள், மறுபடி தேடினாள்.

"ஹவ் மா, ஆமா," என்றாள் கடைசியில். "கரெக்ட். நீ சொல்றதுதான் கரெக்ட்."

"இதுல மீன் அடுக்கறது ஒன்பதாவது புக்."

"ஹவ். ஒன்பது."

"எனக்குப் புரிஞ்சிருக்கு. தலைகீழா கட்டினா எவளுக்குப் புரியும்?"

அவள் முகம் சின்னதாகிப் போனது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் ரொம்ப நேரம் இல்லை.

இரண்டாவது தடிப் புத்தகமும் அதே மாதிரிதான் கட்டப்பட்டிருக்கும். வலது அட்டையைத் திறந்தால் பன்னிரண்டாவது புத்தகம், கடைசிக் கதை. நான் திறக்கவில்லை. மூன்று இரவு அது என் தலைமாட்டு அலமாரியில் இருந்தது. கை அரிக்கத்தான் செய்தது. ஆனால் இவ்வளவு பாடு பட்டுவிட்டு முடிவைத் திருடிப் படிக்கிறவள் நானில்லை. லைனிங் துணியில் இரண்டையும் சுற்றிக் கட்டிக்கொண்டு பைண்டரிடம் போனேன்.

அவர் ஒத்துக்கொள்வாரா? "நீங்க இங்கிலீஷ்னு சொன்னீங்க மேடம். இங்கிலீஷ்னா இடது பக்கம்தான். உருதுன்னு சொல்லிருந்தா வலது பக்கம் கட்டிருப்பேன். எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான்." நான் புத்தகத்தைத் திறந்து, வலதிலிருந்து படிக்கும் இங்கிலீஷ் புத்தகம் ஒன்று உலகத்தில் உண்டு என்று காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக இங்கிலீஷில் வாசித்து, உருதுவில் அர்த்தம் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த அணி மலையேறிப் பயிற்சி எடுக்கையில் பயிற்சியாளர் அம்மாள் வழுக்கி விழுகிற அத்தியாயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். டீ வரவழைத்தார். முடித்ததும், "அப்ப அந்தம்மா கால் சரியாச்சா?" என்று கேட்டார். பிரித்துக் கட்டித் தருகிறேன் என்று அவராகவே சொன்னார். ஒரு முழு அத்தியாயத்தை ஒருவருக்கு இங்கிலீஷிலிருந்து சொல்லி முடித்திருக்கிறேன் என்பது, திரும்பி வரும் ஷேர் ஆட்டோவில்தான் எனக்கு உறைத்தது.

சரியாகக் கட்டி வந்தபிறகு படித்தது ஒரு மாதம். எட்டாவது புத்தகத்தில்தான் விஷயம் இருந்தது. எட்டுப் பேரின் எடையையும் கூட்டினால் ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது போட்டி விதி. அரையிறுதிக்குப் பிறகு கூட்டினால் தாண்டுகிறது. யாராவது ஒருத்தி விலக வேண்டும். அணியிலேயே சின்னவளை, ஆசையாகச் சேர்ந்தவளை, விலக்குவது என்று பேசிக்கொள்கிறார்கள். கயிற்றுக்காரி தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, எனக்கு அடிபட்டுவிட்டது, நான் போகிறேன் என்கிறாள். அடிபடவே இல்லை. ராத்திரி தனியாக அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு, அடிபட்டதாகச் சொன்ன அதே கையால் ஜெர்சிக்குத் துண்டு வைத்துத் தைக்கிறாள். அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதைப் படிக்க எனக்கு எவருடைய உதவியும் தேவைப்படவில்லை. பன்னிரண்டாவதில் அவள் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்து, மூன்று நிமிடம் அசையாமல் நின்று, நாலாவது நிமிடம் இழுத்தாள். ஜெயித்தார்கள். நான் மிஷின்மேல் தலையை வைத்து அழுதேன். இந்தத் தடவை வெட்கமாக இல்லை.

அந்த வாரக் கடைசியில் மகள் தோழிகள் நாலைந்து பேரோடு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தாள். எல்லாரும் இந்த அனிமே பைத்தியங்கள். நான் பக்கத்தில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். கயிற்றுக்காரி அணியை விட்டுப் போனது எதற்காக என்று சண்டை. தோளில் அடிபட்டதால்தான், நெட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று ஒருத்தி அடித்துப் பேசினாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எல்லாம் இங்கிலீஷில்தான். எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

மகள் என்னைப் பார்த்தாள். அப்புறம் போனிடம் சொன்னாள், "நம்ம யாருமே புக் படிக்கல. எங்கம்மா படிச்சாங்க, ஆறும். அவங்கள கேளுங்க."

போனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

நாலைந்து சின்ன முகங்கள். ஊசியைத் துணியில் குத்திவைத்தேன். நோ இஞ்சுரி, என்று ஆரம்பித்தேன். ஷி லை. அப்புறம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அது தீர்ந்த இடத்தில் தெலுங்கில், எடை விதியிலிருந்து அந்தக் கட்டை அவிழ்க்கிற ராத்திரி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் அந்த அடித்துப் பேசிய பெண், "பட் ஆன்டி, நெட்ல..." என்று குறுக்கே வந்தாள்.

"வெயிட்," என்றேன்.

வெயிட் பண்ணினாள்.